கட்டைப் பையில் பயணிக்கும் மருத்துவ வரலாறு

மணமேல்குடிப் பக்கத்தில் ஒரு மீனவருக்கு விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே 14 மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கக் கொடுக்கிறார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் மாத்திரைகள் அவை. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டர்வாஸ்டாட்டின் 8. இதய ரத்தக்குழாயில் உறைந்துகொண்டிருக்கும் ரத்தம் மேலும் கெட்டிப்படாமல் பார்த்துக்கொண்டு, பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் முதல் தவணை அது. பிறகு 108 வருகிறது. அறந்தாங்கியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. அங்கிருந்து முள்ளூரில் உள்ள புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவைப்பட்டால் அதற்கும் அப்பால் தஞ்சாவூரோ திருச்சியோ.

ஒவ்வொரு வாசலிலும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதுக்கு முன்னாடி என்ன குடுத்தாங்க?” கூட வந்த மகனோ மருமகனோ சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒரு கை மாத்திரை குடுத்தாக சார்.”

அந்த ஒரு கை மாத்திரையில் என்னென்ன இருந்தன, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், முதலில் எடுத்த இ.சி.ஜி.யில் என்ன தெரிந்தது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா, நோயாளிக்கு வயிற்றுப்புண்ணோ பழைய பக்கவாதமோ உண்டா? அடுத்த பத்து நிமிடங்களில் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவுகள் இந்தப் பதில்களைச் சார்ந்தவை. கையில் இருப்பது மடித்துக் கசங்கிய ஒரு சீட்டு. அதுவும் சில நேரம் வீட்டிலேயே தங்கிவிடும். தெரியாத நிலையில் மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி எக்ஸ்-ரே, மறுபடி கேள்விகள். மாரடைப்பில் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு என்பது அவருக்கும் தெரியும். ஆனால், அவருக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை.

மருத்துவர்களின் அக்கறையில் குறை இருப்பதால் இப்படி நடப்பதில்லை. ஒரு மருத்துவருக்குத் தெரிந்தது அடுத்த மருத்துவருக்குத் தெரிய ஒழுங்கான பாதை இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பாதையைப் பற்றியது.

மூன்று இயக்குநரகங்களைக் கடக்கும் நோயாளி

1974 ஜனவரி 14-இல் உருவான புதுக்கோட்டை மாவட்டம், 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டது. விராலிமலை, பொன்னமராவதி தொடங்கிக் கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரை வரை பரந்து கிடக்கிறது. நீண்ட காலம் இங்கே மருத்துவக் கல்லூரி கிடையாது. தீவிர நோய் என்றால் தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று வெளி மாவட்டம்தான் கதி. 2017-இல் முள்ளூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. தலைமை மருத்துவமனை என்ற தகுதி அறந்தாங்கிக்குப் போனது. கட்டடம் வந்தது, கருவிகள் வந்தன, முதுநிலை மருத்துவர்கள் வந்தார்கள். மாவட்டத்துக்கு இது பெரிய பேறு.

ஆனால், நிர்வாகம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகிறது. ஆலங்குடி, கந்தர்வகோட்டை, திருமயம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளும் அறந்தாங்கித் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மணமேல்குடி மீனவர் ஒரே நாளில் மூன்று இயக்குநரகங்களைக் கடந்துவிடுகிறார். மூன்றுக்கும் தனித்தனி அதிகாரிகள், தனித்தனி ஆய்வுக் கூட்டங்கள், தனித்தனிப் பதிவேடுகள். நோயாளியின் உடம்பு ஒன்று. அதைப் பற்றிய தாள்கள் மூன்று இடங்களில் கிடக்கின்றன.

“தஞ்சாவூருக்கு எழுதிட்டாக” என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். எழுதி அனுப்பிய மருத்துவருக்கு அதன்பிறகு என்ன தெரியவருகிறது? அநேகமாக ஒன்றும் இல்லை. தான் சந்தேகித்த நோய்தானா, அறுவை நடந்ததா, ஆள் பிழைத்தாரா என்பதெல்லாம் அவருக்கு எட்டுவதில்லை. மூன்று வாரம் கழித்து அதே நோயாளி ஒரு கட்டைப் பையோடு திரும்பி வருகிறார். பைக்குள் ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். சம்மரி தொலைந்திருந்தால் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன நோய்க்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டியதுதான்.

ஊகம் தவறினால் என்ன ஆகும்? சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக் போய்விடுகிறது. செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரை தெரியாமல் நிறுத்தப்படுகிறது. ஒரே சர்க்கரை மாத்திரை, அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் கிளினிக்கில் இன்னொரு பெயரிலும் கொடுக்கப்பட்டு இரட்டை அளவில் உள்ளே போகிறது. இவற்றில் எதற்கும் மருத்துவ அறிவுக் குறைவு காரணம் இல்லை.

மருந்துக் கொள்முதலில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எந்தக் கிடங்கில் எந்த மாத்திரை எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்பதைக் கணினியில் கண்காணிக்கும் முறையை அப்போதே உருவாக்கியது. கிடங்கிலிருக்கும் மாத்திரையை இவ்வளவு துல்லியமாகத் தொடரத் தெரிந்த நமக்கு, அது ஒரு மனிதரின் வயிற்றுக்குள் போன பிறகு தொடரத் தெரியாமல் இருப்பது ஏற்கத்தக்கதல்ல.

முத்துலெட்சுமி பிறந்த மண்ணில்

ஒத்துழைப்பு நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நடந்த இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் சாட்சி, கர்ப்பிணிகள்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் மாணவர்களுக்கு நடுவே படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. அவர் பெயரில் நடக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த உதவியைப் பெறக் கர்ப்பிணியின் விவரங்கள் ‘பிக்மி’ என்ற கணினிப் பதிவில் ஏற வேண்டும். 2008-இல் தொடங்கிய இந்தப் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் ஒன்றைக் கொடுக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைக் கேட்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அன்னவாசலில் பதிந்த ரத்த அளவையும் ரத்த அழுத்தத்தையும் பிரசவம் நடக்கும் மருத்துவமனையில் பார்க்க முடியும். ஆபத்தான கர்ப்பம் என்று குறிக்கப்பட்டவரைப் பிரசவத் தேதிக்கு முன்பே தேடிப்பிடித்து, வசதியுள்ள மருத்துவமனையில் சேர்க்க முடியும்.

தமிழகத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03-இல் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. இதற்குக் காரணங்கள் பல: 24 மணி நேர அவசர மகப்பேறு மையங்கள், 108, செவிலியர்களின் உழைப்பு, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஆட்சியர் அளவில் விசாரிக்கும் நடைமுறை. என் பார்வையில் இந்தக் கடைசிக் காரணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த விசாரணை மேஜையில்தான் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தலைமை மருத்துவமனை மகப்பேறு மருத்துவர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், 108 ஊழியர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த இடத்தில் தகவல் அறுந்தது என்று பேசுகிறார்கள். மூன்று இயக்குநரகங்களும் ஒரே மேஜையில். இது ஒரு மரணத்துக்குப் பிறகுதான் நடக்கிறது என்பதுதான் வேதனை.

தாய்மரணங்களில் இதயநோயின் பங்கு இப்போது மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 2016 முதல் 2019 வரை, இதயநோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தது. அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு, தங்களுக்கு இதயநோய் இருப்பதே கர்ப்ப காலத்தில்தான் தெரியவந்திருக்கிறது. இத்தகைய பெண் ஒருவரை மகப்பேறு மருத்துவரும் இதயநோய் மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்து பார்த்தாக வேண்டும். இன்றைக்கு எக்கோ எடுத்தவர் என்ன கண்டார் என்பது, நாளை பிரசவ அறையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். புதுக்கோட்டை நகருக்குள் மகப்பேறுக்குப் பெயர் பெற்ற ராணியார் மருத்துவமனைக்கும் முள்ளூருக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர் தூரம்கூட, தாள் தொலைந்துவிட்டால் பெரிய தூரம்தான்.

மாரடைப்புக்கும் இப்படி ஒரு சோதனை தமிழகத்தில் நடந்திருக்கிறது. சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வலைப்பின்னலாகக் கட்டி, சிறு மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் எடுத்த இ.சி.ஜி.யை நோயாளி வருமுன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் முல்லாசரி அஜித் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 2017-இல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளிவந்தது. 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இருக்கிற மருந்தையும் மருத்துவரையும் ஒரு தகவல் கோட்டில் இணைத்தார்கள். விபத்துச் சிகிச்சையிலும் இதே எண்ணம் இருக்கிறது. காயம்பட்டவர் வந்துகொண்டிருக்கிறார் என்று 108-இலிருந்து அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது, வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பது. காசநோயில் 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்னொரு உதாரணம். கண்டுபிடிக்கும் இடத்திலேயே எடை, மூச்சு, நடமாட்டம் மூன்றையும் பார்த்து, தீவிர நிலையில் உள்ளவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வழிசெய்கிறார்கள்.

கர்ப்பிணிக்கு ஒரு பதிவு, காசநோயாளிக்கு ஒரு பதிவு, விபத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 2021 ஆகஸ்ட் 5 முதல் வீடு தேடிவரும் ‘மக்களைத் தேடி மருத்துவ’த்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. ஆனால், கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குக் காசநோயும் வரலாம். சர்க்கரை உள்ளவர் சாலை விபத்திலும் சிக்கலாம். நோய்வாரியாகப் பிரித்த பதிவுகளை ஆள்வாரியாக இணைக்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் யார் தட்டச்சு செய்வது?

அதற்காகத்தானே மருத்துவமனை மேலாண்மைத் தகவல் அமைப்பு வந்தது என்று கேட்கலாம். உலக வங்கி உதவியுடன் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில்தான் அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு முறை வேரூன்றியது. புறநோயாளிப் பதிவு, பரிசோதனைக் கூடம், மருந்தகம், உள்நோயாளிப் பிரிவு எல்லாவற்றையும் இணைக்கும் நோக்கத்துடன் அது வடிவமைக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 27-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், ‘ஆபா’ என்ற 14 இலக்க எண்ணைக் கொண்டுவந்தது. பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் இன்னொரு மருத்துவமனை அதைத் திறந்து பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. நல்ல ஏற்பாடு.

பிறகு ஏன் கட்டைப் பை இன்னும் ஒழியவில்லை? பதிவுக் கவுன்ட்டருக்கும் மருந்தகத்துக்கும் வந்த அளவுக்குக் கணினி மருத்துவரின் மேஜைக்கு வரவில்லை. அங்கே வந்தாலும் உட்கார்ந்து தட்ட நேரமில்லை. 2017-இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வந்த ஆய்வு 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்தது. சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். காலையில் ஓ.பி. வரிசை நடைபாதை வரை நீளும்போது, அந்த 2 நிமிடத்தில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா? அமெரிக்காவில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருத்துவர்கள் ஏறத்தாழ 2 மணி நேரத்தைக் கணினிப் பதிவிலும் மேஜை வேலையிலும் கழிப்பதாகக் கண்டது. நம் கிராம சுகாதாரச் செவிலியர்களும் கணினிப் பதிவுச் சுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள்தான். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது அநியாயம். ஒரே தகவலை நோட்டிலும் எழுதி, மூன்று செயலிகளிலும் ஏற்றச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

இங்கிலாந்து 2002-இல் நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவப் பதிவு என்று கோடிக்கணக்கில் கொட்டித் தொடங்கிய திட்டத்தை 2011-இல் கலைத்தது. மேலிருந்து திணித்த திட்டம் கீழே வேலை செய்யும் மருத்துவர்களின் கைக்கு ஒத்துவரவில்லை. இலங்கை சிறிய நாடு, பணமும் குறைவு. ஆனால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் 2009 முதல் மருத்துவர்களுக்கே மருத்துவத் தகவலியலைப் பாடமாகக் கற்பித்து வருகிறது. மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் வார்டில் வேலை பார்த்தவர் உட்கார்ந்திருக்கிறார். முள்ளூர்க் கல்லூரியும் அதைச் செய்யலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி இருந்தால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில், ஷிஃப்ட் மாறும்போது ஒரு மருத்துவர் அடுத்தவரிடம் நோயாளியை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார்கள். நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறார், இதுவரை என்ன நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் என்ன செய்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது. இவ்வளவுதான். 2014-இல் வெளியான முடிவுகளின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. பேச்சுக்கு ஒரு வரிசை வந்ததே காரணம். நம் பரிந்துரைச் சீட்டிலும் இந்த ஐந்தும் இடம்பெற்றால், கணினியில் ஏற்றுவதற்கு உரிய ஒன்று நம்மிடம் இருக்கும்.

பூட்டும் வேண்டும், காகிதமும் வேண்டும்

தகவலைப் பகிர்வது என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்ப்பது என்று ஆகிவிடக் கூடாது. சிறிய ஊர்களில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எச்.ஐ.வி. தொற்று, கருக்கலைப்பு, மனநலச் சிகிச்சை போன்ற விவரம் ஒன்று கசிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே கவிழும். எச்.ஐ.வி. சட்டமும் மனநலச் சட்டமும் 2017-லேயே ரகசியத்தை உரிமையாக்கின. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். ஒரே கடவுச்சொல்லை வார்டே பயன்படுத்தும் பழக்கம் ஒழிய வேண்டும். 2018-இல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன; பிரதமருடையதும் அதில் ஒன்று. 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் கணினிகள் முடக்கப்பட்டு, நாட்டின் முதன்மை மருத்துவமனை பல நாள் கையால் எழுதிச் சமாளித்தது.

புதுக்கோட்டைக்கு இந்தப் பாடத்தைக் கஜா புயல் சொல்லிக்கொடுத்துவிட்டது. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பக்கங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இணையம் செத்தாலும் மருத்துவம் நடக்க வேண்டும். எனவே அச்சிட்ட சம்மரி ஒன்று எப்போதும் நோயாளி கையில் இருக்கட்டும்.

அந்தச் சம்மரி எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தை உலுக்கியது. கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் எழுத்தும் சைக்கிளும் சேர்த்தே கற்றார்கள். அன்றைக்கு எழுத்துக்கூட்டிய பெண்களுக்கு இன்றைக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்கள் அவர்களே. அவர்கள் கையில் நாம் கொடுப்பது முழுக்க ஆங்கிலத்தில் எழுதிய தாள். நோயின் பெயர், மாத்திரை, வேளை, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய அறிகுறிகள் என்ற நான்கையும் தமிழில் கொடுத்தால், தன் மருத்துவ வரலாற்றை அடுத்த மருத்துவரிடம் அவரே சொல்லிவிடுவார்.

இந்த வேலையைத் தொடங்கப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான மாவட்டம் குறைவு. உச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரி, அடுத்து ஒரு தலைமை மருத்துவமனை, கீழே வட்ட மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள். நோயாளி போகும் பாதை தெளிவாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் இணைக்க வேண்டாம். முதலில் திரும்பி வரும் பாதையைத் திறக்கட்டும். முள்ளூரிலிருந்தோ ராணியாரிலிருந்தோ ஒருவர் வீடு திரும்பும் அன்றே, அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் திரையில் தெரிய வேண்டும். அதைத் தட்டச்சு செய்ய மருத்துவர் வேண்டாம். வார்டுக்கு ஒரு தரவுப் பதிவாளரை அமர்த்தலாம். அனுப்பிய மருத்துவருக்குப் பதில் கிடைக்கத் தொடங்கினால், அடுத்த முறை அவர் எழுதும் சீட்டும் தானே தெளிவாகும். மாதம் ஒருமுறை, யாரும் இறக்காமலேயே, மூன்று இயக்குநரகங்களின் மருத்துவர்களும் அந்த மாதம் பரிந்துரைக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிச் சேர்ந்து பேசட்டும்.

வாசகர்களும் இப்போதே செய்யக்கூடியது உண்டு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது சம்மரியைக் கேட்டு வாங்குங்கள், கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தனியார் கிளினிக்கில் வாங்கும் மாத்திரையை அரசு மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மற்றது அரசின் கையில் இருக்கிறது. இதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. மூன்று இயக்குநர்களும் கையெழுத்திட்ட ஓர் உத்தரவும், வார்டுகளில் சில பதிவாளர் பணியிடங்களும் போதும். மக்கள் நல்வாழ்வுத் துறை அந்த உத்தரவைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.